பிட்ஸ்னர் துப்பாக்கியின் முன்வாய்

வெண்டல் கிராஃப் கை வைத்த துப்பாக்கி எதுவும் அதற்கப்புறம் துப்பாக்கியாக இருந்ததில்லை. கல்யாணப் பெண்ணைப் போல ஜோடித்து மூலையில் நிறுத்திவிடுவான். சுடுவதா? ஐயோ, கரி படிந்துவிடுமே!

அவன் ஊரில் பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். அடுத்தவர் வாயைக் குடைந்து பழகிய கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. வீட்டுக்கடியில் நிலவறையில் ஒரு பட்டறை போட்டுக்கொண்டான். ஒரு தடவைக்கு ஒரே குண்டு போட்டுச் சுடுகிற அந்தக் காலத்துத் துப்பாக்கிகளை ஏலத்திலும் பண்ணைவீட்டுப் பரணிலும் தேடிப் பிடித்து வாங்கிவருவான். துருவைச் சுரண்டுவான். இரும்பை எலும்புக் கரியில் வேகவைத்து, நீலமும் பழுப்புமாக மேகம் மேகமாக நிறம் ஏற்றுவான். தோளில் சாத்துகிற பழைய கட்டையை எறிந்துவிட்டு வால்நட் மரத்தில் புதுசு செதுக்கி, பூச்சு மேல் பூச்சாக எண்ணெய் தேய்ப்பான். பல் குடைகிற கருவியாலேயே இரும்பில் கொடியும் இலையும் வாத்தும் செதுக்குவான். வாத்து மட்டும் கோழி மாதிரி இருக்கும். அதை அவனிடம் சொல்ல யாருக்கும் தைரியம் கிடையாது. திருகாணிகளின் பிளவெல்லாம் ஒரே திசை பார்த்து நேராக நிற்க வேண்டும். ஒன்று கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

சனிக்கிழமை ஆனால் டுவேனும் ரெய்னரும் வந்துவிடுவார்கள். இரண்டு பேருக்கும் இதே பைத்தியம். மூன்று பேரும் பீரும் உப்புப் பிஸ்கட்டுமாக உட்கார்ந்து, வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, ஒரு துப்பாக்கியைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்ப்பார்கள். ஒருவன் "ம்ம்" என்பான். அடுத்தவன் இன்னும் கொஞ்சம் நீட்டி "ம்ம்ம்" என்பான். பிறந்த குழந்தையைப் பார்க்க வந்த கிழவிகள்கூட இவ்வளவு அலட்டிக்கொள்ள மாட்டார்கள். மேலே சமையலறையில் லியோனா தலையில் அடித்துக்கொள்வாள்.

லியோனா வெண்டலின் மனைவி. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள். கட்டுமஸ்தான உடம்பு, அதைவிடக் கட்டுமஸ்தான வாய். அவளுக்குச் சுடத் தெரியும். சும்மா தெரியும் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. கெட்டில் ஏரிக்கரையில், ஜெர்மனியிலிருந்து வந்த தாத்தாக்கள் தொடங்கிவைத்த சுடும் கழகம் இருக்கிறது. அங்கே வருடத்துக்கு ஒரு முறை ராஜா போட்டி நடக்கும். நின்றபடி, எதிலும் சாயாமல், இருநூறு கெஜத் தூரத்தில் இருக்கிற வட்டத்தைச் சுட வேண்டும். அதில் லியோனா நல்ல இடத்தில் வராத வருடம் குறைவு. அவளுடைய புருஷன் அதே போட்டியில் பலகையின் ஓரத்தைத் தொட்டாலே பெரிய காரியம். ஆனால் வீட்டில் துப்பாக்கியைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறவன் அவன்தான். வாய் இருக்கிறது, பேசுகிறான் என்று விட்டுவிடுவாள்.

அவள் சுட்டது அவள் அப்பாவின் துப்பாக்கி. அப்பா ஆல்வின் பிட்ஸ்னர் பால் கூட்டுறவில் பாலாடைக்கட்டி காய்ச்சியவர். அதைப் பார்த்தால் யாரும் ஆசைப்பட மாட்டார்கள். இரும்பு முழுக்கப் பழுப்பேறிப்போய், கட்டையில் இரண்டு கீறல். கன்னம் வைக்கிற இடத்தில் கையகலத்துக்கு ஒரு கறுப்புத் திட்டு. அப்பாவின் வியர்வையும் அவர் மென்ற புகையிலையும் சேர்ந்து ஊறியது. அப்புறம் அவளுடைய வியர்வை. துப்பாக்கியைத் தூக்கினால் கன்னம் தானாக அந்தத் திட்டில் போய் உட்காரும். கல்யாணமான புதிதிலேயே வெண்டலிடம் சொல்லிவிட்டாள். நீ எந்தக் குப்பையை வேண்டுமானாலும் கொண்டுவந்து பளபளப்பாக்கு, என் கோட்டுகளுக்குப் பின்னால் இருக்கிறதைத் தொட்டால் நடக்கிறதே வேறு என்று. அவனும் தொடவில்லை. ஆனால் கோட்டு அலமாரியைத் தாண்டும்போதெல்லாம் ஒரு பெருமூச்சு விடுவான். சொத்தைப் பல்லோடு ஒருவன் எதிரே நின்று சிரிக்கிற மாதிரி அது அவனை உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்தத் துப்பாக்கிக்கு ஒரு விசேஷம் உண்டு. குழாயைக் கொஞ்சம் நீளமாகவே செய்து, துளை போட்டு முடித்த பிறகு நுனியில் நாலு விரல் அகலத்துக்கு அறுத்து எடுத்திருப்பார்கள். அந்தத் துண்டுக்குப் பெயர் முன்வாய். ஒவ்வொரு தடவையும் அதன் ஆணிகளைக் குழாய் நுனியிலுள்ள துளைகளில் பொருத்தி, அதன் வழியாகக் குண்டை உள்ளே தள்ளினால் துளி கோணாமல் இறங்கும். பிறகு முன்வாயைக் கழற்றி வைத்துவிட்டு, பின்பக்கம் மருந்துத் தோட்டாவைப் போட்டுச் சுட வேண்டும். ஒரு குழாய்க்கு ஒரு முன்வாய்தான். போனால் போனதுதான். இன்னொரு குழாயில் அறுத்தது இதற்குச் சேராது.

கழற்ற மறந்து சுட்டுவிட்டால்? அதற்காகத்தான் முன்வாயின் தலையில் ஒரு தகட்டுக் கொம்பு நிற்கும். குறி பார்க்கக் கண்ணை வைத்தால் கொம்புதான் தெரியும், இலக்கு தெரியாது. குடித்தவன்கூட ஏமாற மாட்டான். அதோடு கழகத்தில் ஒரு வழக்கமும் இருந்தது. குண்டு இறக்கிக் கொடுக்கிறவர் வேறு, சுடுகிறவர் வேறு என்றால், முன்வாயைச் சுடுகிறவர்தான் கழற்ற வேண்டும், மற்றவர் கை படக் கூடாது. ஆளுக்கு ஆள் நீ கழற்றினாய் என்று நினைத்தேன் என்று சொல்லிக்கொண்டு நிற்கக் கூடாதல்லவா.

அந்த வருடம் கோடையில் லியோனாவுக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது. குழாய்மேல் குறி பார்க்க வைத்திருக்கிற குறிமுள் மங்கலாகி, இலக்கு பஞ்சுப் பொதி மாதிரி தெரிந்தது. செப்டம்பர் போட்டிக்குள் சரியாக வேண்டும் என்றே மில்வாக்கி நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய் அறுவை செய்துகொண்டாள். தங்கை ஐரீன் வீட்டில் தங்கிச் சொட்டுமருந்து விட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நாள் காலையில் ஜன்னல் வழியாகப் பார்த்தால், எதிர்வீட்டுக் கூரை ஓடு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. தங்கையைக் கூப்பிட்டுக் காட்டினாளாம், ஏதோ கடலைக் காட்டுகிற மாதிரி.

வீடு திரும்பியபோது வெண்டல் வாசலிலேயே நின்றிருந்தான். முகத்தில் அப்படி ஒரு பவிசு. கையைப் பிடித்துச் சாப்பாட்டு மேசைக்குக் கூட்டிப்போனான். மேசைமேல் பச்சை வெல்வெட் துணி. அதன்மேல் ஒரு துப்பாக்கி.

லியோனாவுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. மேகம் மேகமாக நிறம். புது வார்னிஷ். பக்கவாட்டில் கோழி மாதிரி ஒரு வாத்து. திருகாணிகளெல்லாம் பட்டாளம் போல ஒரே திசையில் நின்றன. அப்பாவின் பெயரெழுத்துகள் ஓரத்தில் இருந்ததைப் பார்த்த பிறகுதான் இது எது என்று தெரிந்தது. கன்னம் வைக்கிற இடத்தைத் தடவினாள். கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இருந்தது. திட்டும் இல்லை, கீறலும் இல்லை. உப்புத்தாளால் தேய்த்து எடுத்திருந்தான்.

குறிமுள்ளும் இல்லை. அது இருந்த காடியை அடைத்து, தடம் தெரியாமல் இழைத்திருந்தான். அதற்குப் பதிலாக மேலே உயரமான இரண்டு தாங்கிகளில் பளபளவென்று ஒரு டெலஸ்கோப் உட்கார்ந்திருந்தது.

"கண்ணு கஷ்டப்படறியேன்னுதான் வச்சேன். இனிமே இலக்கு உன் மூக்குக்கு முன்னாடியே வந்து நிக்கும்" என்றான்.

"கண்ணுக்கு வைத்தியம் பண்ணிக்கிட்டுத்தானேய்யா வந்து நிக்கறேன். அது எதுக்குன்னு நெனச்சே, உன் மூஞ்சியப் பாக்கறதுக்கா?"

அவனுக்கு உறைக்கவே இல்லை. எத்தனை வாரம் உழைத்தேன் தெரியுமா, எத்தனை பூச்சு தெரியுமா, இப்படி அழுக்காகக் கிடந்ததை மனுஷி மாதிரி ஆக்கியிருக்கிறேன், ஒரு நன்றி இல்லை என்று அவன் பாட்டுக்கு அடுக்கிக்கொண்டே போனான். முன்வாயைக்கூட விடவில்லை. முகம் பார்க்கலாம் போல மெருகேற்றி வைத்திருந்தான். குழாயின் உள்ளே கை வைத்தாயா என்று ஒன்று மட்டும் கேட்டாள். உள்ளே தொடவில்லை என்று அவன் தாயார் பெயரில் சத்தியம் செய்தான். அவள் விளக்கைப் பிடித்து உள்ளே பார்த்தாள். உண்மைதான், தொடவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று அவனுக்கு எப்போது அக்கறை இருந்தது.

அன்று இரவு அவள் அழுதாள். அழுதுவிட்டு ஒரு முடிவுக்கு வந்தாள். மேலே எதை வழித்தால் என்ன, குழாய் அப்பாவின் குழாய். முன்வாய் அப்பாவின் முன்வாய். அது சுடுகிறவரைக்கும் அப்பா துப்பாக்கி உயிரோடுதான் இருக்கிறது. ராஜா போட்டியில் இதே துப்பாக்கியால் சுட்டுக் காட்டுவது, அவன் ஜோடனையையும் மீறி. அதற்கப்புறம் அதை ஐரீன் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பூட்டிவைப்பது. அவ்வளவுதான் அவள் கேட்டது.

போட்டி நாள் காலை, ஏரிமேல் மூடுபனி கலைந்துகொண்டிருந்தது. கழகக் கூடத்தில் முட்டைக்கோஸும் தொத்திறைச்சியும் வேகிற வாசனை. வெண்டல் கழுத்துப் பட்டையெல்லாம் கட்டிக்கொண்டு வந்திருந்தான். மூன்று நாலு பேர் சேர்ந்தால் போதும், துப்பாக்கியை நீட்டி, இந்த நிறம் எப்படி வந்தது, இந்த வார்னிஷ் எங்கே வாங்கியது என்று ஆரம்பித்துவிடுவான். பார்த்தவர்கள் ஆகா என்றார்கள். ஆல்வின் பிட்ஸ்னரை அறிந்த பழைய ஆட்கள் மட்டும் லியோனாவைப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். அந்தப் பார்வை அவளுக்கு நெருப்பு வைத்த மாதிரி இருந்தது.

டெலஸ்கோப்பைத் தூரத்துக்குத் தக்கபடி திருத்த, போட்டிக்கு முன்னால் இரண்டு மூன்று குண்டு சுட்டுப் பார்க்க வேண்டும். அதை நான்தான் செய்வேன் என்று வெண்டல் ஒற்றைக்காலில் நின்றான். வைத்தவன் நான், திருத்தத் தெரிந்தவனும் நான் என்றான். நாலு பேர் எதிரில் சண்டை வேண்டாம் என்று, சுட்டுத் தொலை, ஆனால் குண்டு இறக்குவது நான் என்றாள். அதில் அவனுக்கு மகிழ்ச்சிதான். கை அழுக்காகாது.

மேசையருகில் துப்பாக்கியை நிறுத்தி முன்வாயைப் பொருத்தினாள். குண்டை வைத்து, கம்பியால் ஒரே சீராகக் கீழே தள்ளினாள். அப்பாவின் துளை குண்டை வாங்கிக்கொண்ட விதத்தில் அன்றைக்கு முதல் தடவையாக அவள் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. துப்பாக்கியை நிறுத்துச் சட்டத்தில் சாத்திவிட்டுக் கம்பியைத் துடைக்கத் திரும்பினாள்.

வெண்டல் டுவேனுக்கும் ரெய்னருக்கும் எண்ணெய்ப் பூச்சைப் பற்றி விளக்கிக்கொண்டே வந்தான். அவர்களைப் பார்த்துக்கொண்டே துப்பாக்கியை எடுத்தான். அவர்களைப் பார்த்துக்கொண்டே தோட்டாவைப் போட்டு மூடினான். காதுக்கு அடைப்பானை மாட்டினான். மார்பை நிமிர்த்தி, முழங்கையை இடுப்பில் ஊன்றி, படம் எடுக்க நிற்கிறவன் மாதிரி நின்றான். குழாய் நுனியில் முன்வாய் அப்படியே இருந்தது. கொம்பு நிமிர்ந்து நின்றது. அவனே மெருகேற்றியதுதானே, வெயிலில் பளிச்சென்று மின்னியது.

டெலஸ்கோப் அவ்வளவு உயரத்தில் இருந்தது. அதன் வழியே பார்த்தவனுக்குக் கொம்பு தெரிய வழியே இல்லை. இலக்கு மட்டும்தான் மூக்குக்கு முன்னால் வந்து நின்றிருக்கும். டுவேனும் ரெய்னரும் வெண்டல் மெருகேற்றிய கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் இலக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லியோனா பார்த்தாள். வாயைத் திறந்தாள். காதடைப்பான் போட்டவனுக்குக் கேட்காது என்றால் தோளைத் தட்டியிருக்கலாம், கைக்கெட்டும் தூரம்தான். அவன் அவசரப்படவும் இல்லை. மூச்சை இழுத்தான், விட்டான், அழகு பார்த்தான். ஒரு முழு வாக்கியம் பேசுகிற நேரம் இருந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

வெடித்தது. பளபளவென்று ஏதோ ஒன்று சுழன்று சுழன்று போய்ப் புல்லில் விழுந்தது. குண்டு இலக்குக்குப் பாதி வழியில் மண்ணைக் கிளப்பியது. ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. அப்புறம் எங்கிருந்தோ ஒருவர் சிரித்தார். சுடும் வரிசை முழுக்கத் தொற்றிக்கொண்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். டாக்டர் ஒரே இழுப்பில் பல்லைப் பிடுங்கிவிட்டார் என்றான் ஒருவன். வெண்டல் டெலஸ்கோப்பைப் பார்த்தான், நுனியைப் பார்த்தான், மறுபடி டெலஸ்கோப்பைப் பார்த்தான். அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்துப்போனது. லியோனாவுக்குள் ஒரு குளிர்ச்சி இறங்கியது. பார்த்தாயா, உன் மேதாவித்தனத்தை எல்லாரும் பார்த்தார்களா? அந்தக் குளிர்ச்சி முன்வாயைத் தேடி எடுத்து வருகிறவரைக்கும் இருந்தது.

ரெய்னர்தான் புல்லில் கண்டெடுத்து வந்தான். ஒரு பக்கம் பிளந்து, ஆணிகள் வளைந்திருந்தன. குழாய் நுனியிலும் ஆணித் துளைகள் பிய்ந்திருந்தன. லியோனா அந்த விளிம்பை விரலால் தடவினாள். இனி அதில் எதையும் பொருத்த முடியாது. வெண்டலின் உப்புத்தாள் தொடாமல் விட்ட ஒரே ஒரு இடமும் போய்விட்டது.

கழகத்தில் முன்வாயைச் சுட்டுத் தள்ளுகிறவருக்கு ஒரு மரியாதை உண்டு. சுவரில் தொங்குகிற பெரிய மாட்டுமணியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு சாப்பாடு முடியும் வரைக்கும் திரிய வேண்டும். போட்டியை நடத்துகிற கிளெமென்ஸ் அதை எடுத்து வந்து வெண்டலின் கழுத்தில் மாட்டினார். அவன் குனிந்து வாங்கிக்கொண்டான். ஒரு சமாதானம் சொல்லவில்லை, ஒரு பிரசங்கம் செய்யவில்லை. லியோனாவிடம் வந்தான். அசைந்தாலே மணி அடித்தது.

"லியோனா, இத எப்படிச் சரிக்கட்டறதுன்னே தெரியல எனக்கு" என்றான். கண் கலங்கியிருந்தது. இத்தனை வருடத்தில் தெரியவில்லை என்று அவன் சொல்லி அவள் கேட்டதே கிடையாது.

கிளெமென்ஸ் இன்னும் போகவில்லை. வரிசையில் விபரீதம் ஏதாவது நடந்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று அவருக்கு இருந்தது. யாராவது பார்த்தீர்களா என்று அவர் பொதுவாகத்தான் கேட்டார். பார்த்தவர் எவராக இருந்தாலும் நிறுத்து என்று கத்த வேண்டும் என்பது கழகத்தின் முதல் விதி. பார்த்தும் கத்தாதவருக்கு அன்றைக்கு வரிசையில் இடமில்லை, மணியும் அவர் கழுத்துக்குத்தான். டுவேன் இல்லை என்று தலையை ஆட்டினான். லியோனா பேசாமல் இருந்திருந்தால் அதோடு போயிருக்கும். இரவல் துப்பாக்கி ஒன்றை வாங்கிப் போட்டியிலும் சுட்டிருக்கலாம்.

"நான் பாத்தேன்" என்றாள் லியோனா.

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். வெண்டலுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது.

"பாத்துட்டு ஏன் சொல்லல?"

"நாலு பேரு உன்னப் பாத்துச் சிரிக்கணும்னு தோணுச்சு."

அவன் அவளை ஏறிட்டுப் பார்த்தான். கோபமாக இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அவன் நிஜமாகவே புரியாமல் கேட்டான். "அதுக்கு உங்கப்பா துப்பாக்கிதானா கெடச்சுது?"

கெடுத்தவன் ஒருவன்தான் என்று நேற்று வரைக்கும் லியோனா வைராக்கியமாக இருந்தாள். அவன் தெரியாமல் கெடுத்தான். அவள் நன்றாகத் தெளிந்த கண்ணோடு, பார்த்துக்கொண்டே நின்று கெடுத்தாள்.

கிளெமென்ஸ் வெண்டலின் கழுத்திலிருந்து மணியை அவிழ்த்தார். கொஞ்சம் தயங்கினார். ஆல்வின் பிட்ஸ்னர் மகளுக்கு இதைக் கட்ட வேண்டி வருமென்று அவர் நினைத்திருக்க மாட்டார். லியோனா தானாகவே முன்னால் வந்து கழுத்தை நீட்டினாள். அவர் பட்டையைத் தளர்வாக மாட்டிவிட்டுக் கையை எடுக்கப் போனார்.

"இறுக்கிக் கட்டுய்யா, கழண்டு விழுந்துறப்போவுது" என்றாள்.

அவர் இன்னொரு துளை தள்ளி இறுக்கினார். முதல் ஆளைச் சுடக் கூப்பிட்டார்கள். லியோனா வரிசையை விட்டு வெளியே நடந்தாள், ஒவ்வொரு அடிக்கும் மணி அடித்தது, யாரும் சிரிக்கவில்லை. வெண்டல் இரண்டடி பின்னால் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.